சுண்ணாம்புக் கோட்டு ஆஸ்பத்திரி

எங்கள் காலனிப் பெரியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து யார் வந்து எதைக் கேட்டாலும், "ரொம்ப நல்லாருக்குங்க" என்று சொல்லிவிடுவார்கள். வந்தவர் போன பிறகு குழாயடியில் நின்று முணுமுணுப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் பேர் ஓவியா. ஆறாம் வகுப்பு படிக்கிறேன். சிவகாசியில் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஒரே அறை. அதற்குள் அடுப்பு, கட்டில், டிவி, அப்புறம் என் தம்பி காளிராஜ். இதில் அதிக இடத்தை அடைப்பவன் காளிராஜ்தான். அவன் ஒன்றாம் வகுப்பு.

எனக்குக் கோபம் அதிகம் என்று அம்மா சொல்வாள். கோபப்படுகிற மாதிரியே எல்லாரும் நடந்துகொண்டால் நான் என்ன செய்வது?

காலனி முகப்பில், கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம் இருக்கிறது. அங்கே எங்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கட்டடம் வரப்போகிறது என்றார்கள். ஒரு பக்கம் நர்ஸ் அறை. இன்னொரு பக்கம் பிள்ளைகள் படிக்கிற அறை. சாயங்காலம் வேன் திரும்புகிற நேரத்துக்குத்தான் நர்ஸ் வருவாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஏனென்றால் அம்மாவுக்கு இருமல். வந்து வந்து போகும். "ஆஸ்பத்திரிக்குப் போம்மா" என்றால், "ஒரு நாள் லீவு போட முடியுமாடி? சீசன் நேரம்" என்பாள். சாயங்காலம் போகச் சொன்னால் இன்னும் மோசம். வீட்டு வாசற்படியை மிதித்துவிட்டால் அவ்வளவுதான். சோறு, குழம்பு, துணி, தண்ணீர் என்று ஓடிக்கொண்டே இருப்பாள். அப்புறம் தூங்கிவிடுவாள். தூக்கத்திலும் இருமுவாள்.

வேனை விட்டு இறங்கியதும் நாலு எட்டில் நர்ஸ் இருந்தால்? அம்மா தப்பிக்கவே முடியாது!

கட்டடத்துக்குப் படம் போட்டவர் கற்பகவல்லி அக்கா. சொந்த ஊர் காரியாபட்டிப் பக்கம். மதுரையில் கட்டட வடிவமைப்புப் படித்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டையில் செய்த குட்டிக் கட்டடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். குட்டி ஜன்னல், குட்டிக் கதவு, பஞ்சில் செய்த மரம்கூட இருந்தது. காளிராஜ் மரத்தைப் பிய்க்கப் பார்த்தான். நான் கையில் ஒன்று போட்டேன்.

"நீங்கதான் இதுக்குள்ள புழங்கப் போறீங்க. என்ன குறை இருந்தாலும் சொல்லுங்க. இப்ப சொன்னா மாத்திரலாம். அடுத்த திங்கக்கிழமை அஸ்திவாரம் தோண்டிட்டா மாத்த முடியாது" என்றார் அக்கா.

காலனிச் சங்கத் தலைவர் செந்தூர்பாண்டி மாமா எழுந்து நின்றார். "அருமையா இருக்குங்க. குறைன்னு சொல்ல ஒண்ணுமே இல்ல" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"யாராச்சும் ஒரு குறையாவது சொல்லுங்களேன்" என்று அக்கா கெஞ்சினார்.

"ரொம்ப நல்லாருக்கு தாயி. நீங்க காப்பி சாப்பிடுதீகளா?" என்று கேட்டாள் பாலம்மாள் அத்தை. அத்தை எங்கள் பக்கத்து வீடு. அம்மாவோடு ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

அக்கா காப்பி குடித்துவிட்டுப் போனார். உடனே ஆரம்பித்தது குழாயடிக் கச்சேரி.

"கட்டடம் அழகாத்தான் இருக்கு. ஆனா நமக்குத் தோதுப்படாது" என்றாள் பாலம்மாள் அத்தை.

"ஆமாக்கா. நாம எங்கன அதுக்குள்ள போக?" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா போக முடியாது? உனக்காகத்தானே நர்ஸே வர்றாங்க!"

"அதெல்லாம் அப்படித்தான் புள்ள. போயி தண்ணியப் பிடி."

"அதை அந்த அக்காகிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"அந்தப் புள்ள எம்புட்டு ஆசையாச் செஞ்சு கொண்டாந்திருக்கு. மூஞ்சிக்கு நேரா நொட்டை சொல்லுறதா? போடி அங்குட்டு!"

அதுதான் பதில். 'அப்படித்தான்.' இந்தப் பதிலைக் கண்டுபிடித்தவர் யாரோ, அவர் என் கையில் கிடைத்தால் சும்மா விட மாட்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டு வரும்போது அக்கா காலி இடத்தில் தனியாக நின்று இடத்தை அளந்துகொண்டிருந்தார். நான் நேராகப் போய், "அக்கா, எல்லாரும் உங்ககிட்டப் பொய் சொல்றாங்க" என்றேன்.

அக்கா டேப்பைக் கீழே விட்டார். "என்ன பொய்?"

"நல்லாருக்குன்னு சொன்னது. கட்டினா எங்க அம்மா உள்ளயே வர மாட்டாங்களாம்."

"ஏன்?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கிறாங்க! கேட்டா அப்படித்தான்கிறாங்க."

அக்கா கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளி மேல் உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும் ஓவியா. ஏதோ ஒண்ணு சரியில்ல. ஆனா கேட்டா காப்பி தர்றாங்க. இது வரைக்கும் எத்தனை காப்பி குடிச்சேன்னு எனக்கே தெரியல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

அப்போது காளிராஜ், "கபடி, கபடி, கபடி" என்று கத்திக்கொண்டு எங்களைச் சுற்றி ஓடினான். நான் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். "கோடே இல்லாம என்னடா கபடி? யாரு உள்ள, யாரு வெளியேன்னு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"அக்கா! அட்டைக் கட்டடத்தைப் பார்த்தா அவங்களுக்கு என்ன தெரியும்? கபடிக் களம் மாதிரி இங்கனயே பெருசாக் கோடு போடுவோம். கதவு, அறை, குழாய் எல்லாம் நிஜ அளவுல. வேன்ல இருந்து இறங்கி நடந்து பார்க்கட்டும். சொல்ல மாட்டாங்க. ஆனா செஞ்சு காட்டித்தானே ஆகணும்?"

அக்கா என்னையே பார்த்தார். பிறகு வாளியிலிருந்து துள்ளி எழுந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. எங்கள் விளையாட்டு சாரிடம் கேட்டு ஒரு பை சுண்ணாம்புத்தூள் வாங்கி வந்தேன். அக்கா டேப்பை வைத்து அளந்து சொல்லச் சொல்ல நான் கோடு போட்டேன். வாசல் போட்டோம். உள்ளே நுழைந்ததும் நர்ஸ் அறை. அதைத் தாண்டினால் படிக்கிற அறை. அதையும் தாண்டிக் கடைசியில், பின்பக்கச் சுவரோரம் குழாய்கள். காளிராஜ் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து நர்ஸ் அறையில் போட்டு உட்கார்ந்துகொண்டான். கழுத்தில் என் ஸ்கிப்பிங் கயிறு தொங்கியது.

"நான்தான் நர்ஸ். எல்லாருக்கும் ஊசி" என்றான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேன் வந்தது. அம்மா, பாலம்மாள் அத்தை, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் தூக்குவாளியோடு இறங்கினார்கள். அவர்கள் செய்வது பேன்சி வெடி. அலுமினியப் பவுடர் ஒட்டி, கை, கழுத்து, புருவம் எல்லாம் வெள்ளியாக மின்னும். கம்பெனியில் கழுவினாலும் முழுசாகப் போகாது. வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தால் யார்தான் நின்று தேய்த்துக் கழுவுவார்கள்?

"அம்மா, அத்தை, எல்லாரும் இங்கன வாங்க! இதுதான் நம்ம புதுக் கட்டடம். உள்ள போயி நர்ஸைப் பாருங்க!" என்று கூப்பிட்டேன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். வாசல் என்று போட்ட கோட்டுக்கு முன்னால் வந்ததும் செருப்பைக் கழற்றினார்கள். கழற்றிவிட்டு, அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தர்கூட உள்ளே கால் வைக்கவில்லை.

"வாங்கம்மா" என்றார் கற்பகவல்லி அக்கா.

"இருக்கட்டுங்க" என்றாள் அம்மா.

"அம்மாவுக்கு ரெண்டு ஊசி!" என்று உள்ளேயிருந்து நர்ஸ் கத்தினான்.

எனக்குப் பொறுமை போயே போய்விட்டது. "அம்மா! இது வெறும் தரை! நேத்துக்கூட நீ இதுமேல நடந்துதானே வீட்டுக்கு வந்த!"

அம்மா தரையைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்தாள்.

"நேத்து இது தரைடி. இன்னைக்கு ஆஸ்பத்திரி ஆச்சே. மேலெல்லாம் பொடியோட எப்படி உள்ள வர?"

எனக்குச் சட்டென்று எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது. தினமும் சாயங்காலம் காளிராஜ் "அம்மா!" என்று ஓடிப் போவான். அம்மா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "தொடாத ராசா, தொடாத! கழுவிட்டு வந்துருதேன்" என்பாள். குழாயடிக்குப் போய்க் கை கால் முகம் கழுவாமல் அவனைத் தொடவே மாட்டாள். தினம் தினம் பார்க்கிற விஷயம். இது எப்படி என் மண்டையில் ஏறாமல் போனது?

"உள்ளதான் குழாய் இருக்கே அம்மா? அங்கன கழுவிக்கலாமே?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார்.

அதற்குப் பாலம்மாள் அத்தை பதில் சொன்னாள். "குழாய் அந்தக் கடைசியில இருக்கு தாயி. நர்ஸம்மா ரூமுக்குள்ள நடந்து, பிள்ளைக படிக்கிற இடத்தையும் தாண்டித்தானே போகணும்? போற வழியெல்லாம் பொடியக் கொட்டிட்டு, அப்புறம் போயி கழுவி என்னத்துக்கு?"

கற்பகவல்லி அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இதை ஏன் போன வாரமே சொல்லல?"

"நீங்க எம்புட்டு ஆசையாச் செஞ்சு கொண்டாந்தீக…" என்று அம்மா இழுத்தாள்.

"எனக்கு ஆசையெல்லாம் நீங்க உள்ள வரணும்கிறதுதாம்மா! நீங்க வெளிய நின்னா அந்த அட்டை அழகா இருந்து என்ன பிரயோசனம்?"

அம்மா பதறிப்போனாள்.

நான் விடுவிடுவென்று பின்சுவருக்குப் போனேன். குழாய்க் கோட்டைக் காலால் அழித்தேன். சுண்ணாம்புப் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, அம்மா நிற்கிற இடத்திலேயே நீளமாகக் குழாய்த் தொட்டி ஒன்று வரைந்தேன். கோணல்தான். பரவாயில்லை.

"இங்கன கழுவு. அப்புறம் உள்ள போ" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே குனிந்து, இல்லாத குழாயைத் திறந்து, இல்லாத தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். முந்தானையால் துடைத்துவிட்டு, கோட்டைத் தாண்டிக் காலை உள்ளே வைத்தாள்.

அப்புறம் என்ன, மடை திறந்துவிட்டது! "குழாய்கிட்ட தூக்குவாளி மாட்ட ஒரு கொக்கி வேணும் தாயி" என்றாள் ஒருத்தி. "கழுவுற தண்ணி ரோட்டுல ஓடாம மூடுன வாய்க்கால் வைங்க" என்றாள் இன்னொருத்தி. "சேலை மாத்த ஒரு மறைப்பு இருந்தாத் தேவல." "நிக்க முடியல, பெஞ்சு போடுங்க." சத்தம் கேட்டு வந்த செந்தூர்பாண்டி மாமா, "நானும் அன்னைக்கே நினைச்சேன், அந்த ஜன்னல் மேக்க பார்த்து இருக்கு. சாயங்கால வெயில்ல பிள்ளைக வெந்துரும்" என்றார்.

அன்றைக்கே நினைத்தாராம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுக் கோடுகளை அழித்து வரைந்தார். அன்றைக்கு யாரும் அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை. குறை சொல்கிற மும்முரத்தில் எல்லாரும் மறந்தே போனார்கள்.

பொங்கல் முடிந்து கட்டடம் திறந்தது. வாசலிலேயே வரிசையாகக் குழாய்கள், மேலே கொக்கிகள். தூக்குவாளிகள் அதில் தொங்கி ஆடும். படிக்கிற அறை ஜன்னல் வடக்குப் பார்த்து இருக்கிறது. நான் அதன் பக்கத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் வேன் வந்தது. அம்மா இறங்கினாள், வாளியை மாட்டினாள், கை கால் முகம் கழுவினாள், உள்ளே வந்தாள். காளிராஜ் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டான். அம்மா "தொடாத" என்று சொல்லவில்லை. அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நர்ஸ் முன்னால் உட்கார்ந்தாள். படிக்கிற அறையிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது.

"உடம்புக்கு என்ன செய்யுதும்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப நல்லாருக்கு" என்றாள் அம்மா.

எனக்கு வந்ததே கோபம்! புத்தகத்தை மூடிவிட்டு, "பொய்! ஒரு வருஷமா இருமல்! தூக்கத்துல கூட இருமுறாங்க!" என்று கத்தினேன்.

படித்துக்கொண்டிருந்த எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முறைத்தாள். நானும் முறைத்தேன். நர்ஸ் சிரித்துக்கொண்டே ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார்.

"சரிம்மா. இப்ப உள்ளதைச் சொல்லுங்க."

அம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். "அது வந்துங்க… காலையில எந்திரிச்சதும் நெஞ்சு இறுக்கிப் பிடிக்கும்…" என்று ஆரம்பித்தாள்.

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நர்ஸ் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.