சொரணையுள்ள குரங்கு

காலையில் ஆய்வகத்தின் வாசலில் எல்லோரும் விரலை நீட்டியாக வேண்டும். சுமைமானி ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, உடம்புக்குள் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று திரையில் காட்டும். காட்டுவது போதாதென்று உரக்கவும் சொல்லும். அன்று கணக்குப் பிரிவு தண்டபாணிக்கு அது "பதின்மூன்று லட்சம்" என்றது. பின்னால் நின்றவர்கள் புருவத்தை உயர்த்தினார்கள்.

"அண்ணா, பொண்ணுக்கு வரன் பாக்குற நேரமாப் பாத்து ஏறிடுச்சே! பெரிய ஆளுங்க நீங்க" என்றாள் வரவேற்பில் இருந்தவள்.

"எல்லாம் பரம்பரைம்மா."

பரம்பரையாம். அந்த வைரஸ் குரங்கிடமிருந்து மனிதனுக்குத் தாவி ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை. குரங்கு போட்ட பிச்சையைக் குலப்பெருமை ஆக்கிக்கொள்ள மனிதனால்தான் முடியும் என்று நினைத்தபடி, அங்கே குரங்குகளில் மருந்து சோதிக்கும் செவ்வந்தி விரலை நீட்டினாள். அவளுடைய எண் யாரும் தலையாட்டும் அளவுக்கு இல்லை. யாரும் முகம் சுளிக்கும் அளவுக்கும் இல்லை.

தேய்வு நோய் வந்த காலத்தில் ஊரே சுடுகாடாகக் கிடந்தது. வைரஸ் நேராக யாரையும் கொல்லவில்லை. உடம்புதான் அதோடு ஓயாமல் மல்லுக்கட்டி, தன் படையை எல்லாம் இழந்து தேய்ந்து செத்தது. ஆப்பிரிக்கக் காட்டில் புகைநிறக் குரங்கு ஒன்று இதே ஜாதி வைரஸைக் காலங்காலமாகச் சுமந்துகொண்டு சுகமாகத் திரிவதை யாரோ கவனித்தார்கள். அதன் உடம்பு வைரஸை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. அந்தக் குணத்தை மனிதனுக்கு ஏற்றுவதுதான் சாந்த ஊசி. போட்டுக்கொண்டவர்கள் சாந்தர்கள் ஆனார்கள். வைரஸ் உள்ளே குடித்தனம் நடத்தும். உடம்பு ஏனென்று கேட்காது, காய்ச்சல்கூட வராது. முதலில் பிழைத்தோமே என்று அழுதார்கள். பிறகு கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். பிறகு, சுமை கூடக் கூடச் சாந்தம் ஆழமானது, சாந்தம் ஆழமானால் ரத்தம் உயர்ந்தது என்று ஒரு கணக்குப் போட்டு, திருமண விளம்பரத்தில் சுமையை அச்சடிக்க ஆரம்பித்தார்கள்.

சிலருடைய உடம்பு மட்டும் சாந்த ஊசியை ஏற்கவில்லை. அவர்களுக்குக் கொதியர் என்று பெயர் வைத்தார்கள். கொதியரிடம் வைரஸ் கிடையாது. ஆனால் ஒரு சாந்தரின் எச்சில் பட்டால் போதும், தேய்ந்து செத்துவிடுவார்கள். ஆகவே கொதியரையெல்லாம் காவிரியின் தென்கரைக்கு அனுப்பிவைத்தார்கள். வைரஸ் இருப்பவர்கள் ஊரில் இருந்தார்கள். இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். இதில் உள்ள வேடிக்கை யாருக்கும் உறைக்கவில்லை.

செவ்வந்தியின் கணவன் முத்துவேல் கொதியன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆற்றங்கரைச் சந்திப்புக் கூடத்தின் கண்ணாடிச் சுவருக்கு இரு பக்கமும் உட்கார்ந்து இருவரும் ஒலிபெருக்கியில் குடும்பம் நடத்தினார்கள்.

"என்ன, சொரணை கெட்டவளே, சுகமா?" என்றுதான் அவன் ஆரம்பிப்பான்.

"நீங்க அங்க கொதிச்சுக்கிட்டே இருங்க மாமா. ஒரு நாள் வந்து சோறு வடிச்சுக்கறேன்."

"சோறு கெடக்குது. வர்ற வழியப் பாரு புள்ள."

அந்த வழியைத்தான் அவள் குரங்குக் கூடத்தில் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே இருந்தவை நம் நாட்டுக் குரங்குகள். வைரஸ் ஏறினால் அவையும் மனிதனைப் போலவே தேய்ந்து சாகும். செவ்வந்தி செய்த ஊசி சாந்தத்துக்கு நேர் எதிரானது. உடம்பிலுள்ள கொல்லணுக்கள் என்ற காவல் செல்களைத் தட்டி எழுப்பி, வைரஸ் ஒளிந்திருக்கும் செல்களைத் தேடிப்பிடித்து அழிக்கச் சொல்வது. பெரும்பாலான குரங்குகளில் அது பலிக்கவில்லை. பலித்த ஒன்றுக்கு ரோஷக்காரி என்று பெயர். அடிபட்ட வாழைப்பழத்தைக் கொடுத்தவர் முகத்திலேயே திருப்பி எறிவாள். அவளுடைய ரத்தத்தில் வைரஸ் இல்லை என்றபோது செவ்வந்தி நம்பவில்லை. கருவியைச் சந்தேகித்தாள், பிறகு தன்னைச் சந்தேகித்தாள். நிணநீர்க் கணுக்களைக் குடைந்து பார்த்தாள். கடைசியில் ரோஷக்காரியின் ரத்தத்தையும் கணுச் செல்களையும் நோயற்ற இன்னொரு குரங்குக்கு ஏற்றிப் பார்த்தாள். மாதங்கள் போயின. அந்தக் குரங்குக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் இயக்குநர் ஞானதிரவியத்தின் கதவைத் தட்டினாள்.

அவள் நீட்டிய அறிக்கையை அவர் கடைசிவரை படித்தார். "வைரஸே இருக்காதா?"

"இருக்காது சார். இல்லாதவங்களுக்குப் போட்டா வரவும் வராது."

"அப்ப சுமை?"

"பூஜ்யம் சார்."

ஞானதிரவியம் சிரித்தார். இருபது லட்சம் சுமக்கும் மனிதரின் சிரிப்பு அது. "ஏம்மா, மொட்டை அடிச்சுக்க யாராவது வரிசையில நிப்பாங்களா?"

"தென்கரையில நிப்பாங்க சார்."

"சட்டம் தெரியுமில்ல? எந்தப் புது ஊசியும் முதல்ல சாந்தர் ஒருத்தர் ஒடம்புல ஏறணும். யாரைக் கேப்பே? தண்டபாணியையா?"

"நானே போட்டுக்கறேன்."

அவர் அவளை, பழத்தை எறிந்த குரங்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஊசி ஏறிய இரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. பல் கிடுகிடுத்தது, எலும்பு முறுக்கியது. தோளில் ஊசி போட்ட இடம் பழுத்து, உடைந்து, நாலணா அளவுக்குத் தழும்பாக நின்றது. செத்துவிடுவோமோ, கணக்கில் எங்கோ தப்பிவிட்டோமோ என்று பயந்தபடி சுருண்டு கிடந்தாள். வாரங்கள் செல்லச் செல்லச் சுமைமானி சொன்ன எண் இறங்கிக்கொண்டே வந்தது. வாசலில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அடுத்த வரிசைக்கு மாறினார்கள். கடைசியாக ஒரு நாள் அது "பூஜ்யம்" என்றது. வரவேற்பில் இருந்தவள் துக்கம் விசாரிக்கிற குரலில், "தைரியமா இருங்கக்கா" என்றாள்.

செவ்வந்தி பரவசத்தோடு இயக்குநரிடம் ஓடினாள். அவரும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். அதுவே அவளுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

"உன் ஊசியை அரசாங்கம் எடுத்துக்கிச்சும்மா. சிறைத்துறை!"

"சிறைத்துறையா? எதுக்கு சார்?"

"தண்டனைக்கு. சிறையில போட்டுச் சோறு போட வேண்டியதில்ல பாரு. ஒரே ஊசி, சுமை பூஜ்யம், தென்கரைக்குப் போன்னு விட்டுடலாம். திருடன், மோசடிக்காரன் எல்லாம் இப்பவே நடுங்குறான். குரங்குக் கூடத்தையும் மூடல. இன்னும் பெருசா கட்டப் போறோம்."

"சார், அது மருந்து."

"மருந்துதான். எடுத்துட்டுப் போயேன், ஒரு பெட்டி நெறைய. அங்க யாரு போட்டுக்கறான்னு பாப்போம்."

பூஜ்யம் ஆனவள் வடகரையில் இருக்கக்கூடாது என்பதால், சில வாரம் கழித்துப் புறப்பட்ட படகில் அவளும் ஏறினாள். அதே படகில், தண்டனையாக ஊசி ஏறிய முதல் கூட்டமும் இருந்தது. எல்லாருடைய தோளிலும் ஒரே தழும்பு. அவர்களைப் பற்றிய செய்தி தென்கரைக்கு முன்னமே போய்விட்டிருந்தது. கரையில் நின்ற கூட்டம் படகு நெருங்க நெருங்கப் பின்வாங்கியது.

"இவ என்னத்தத் திருடினாளாம்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

கூட்டத்திலிருந்து முத்துவேல் வெளியே வந்தான். இத்தனை வருஷமாகக் கண்ணாடி வழியாகப் பார்த்த முகம். செவ்வந்தி கையை நீட்டியதும் அவன் உடம்பு தானாக ஓரடி பின்னால் போனது. அது அவனுக்கே அவமானமாக இருந்தது. முன்னால் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கேட்டவளைப் பார்த்துச் சொன்னான்: "திருட்டில்லக்கா, கொலை. ஒரு வைரஸ பூண்டோட அழிச்சுட்டா."

யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் செவ்வந்தி அவன் வீட்டு வாசலில் மேஜை போட்டு மருந்துப் பெட்டியைத் திறந்துவைத்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் விளக்கினாள். இதைப் போட்டுக்கொண்டால் யார் எச்சிலுக்கும் பயப்பட வேண்டாம், அக்கரை ஆளோடு ஒரே தட்டில்கூடச் சாப்பிடலாம் என்றாள். ஒரு பெரியவர் நின்று முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "மருந்து நல்ல மருந்துதான் கண்ணு" என்றார். "ஆனா தழும்பு திருட்டுத் தழும்பால்ல இருக்குது? எங்களுக்குன்னு இருக்கறது மானம் ஒண்ணுதான்." அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆள் வரவில்லை. சாவுக்குப் பயந்து ஆற்றைத் தாண்டிய ஜனம், தழும்புக்குப் பயந்து சாவின் பக்கத்திலேயே குடியிருக்கத் தயாராக இருந்தது.

பொழுது சாயும்வரை பார்த்துக்கொண்டிருந்த முத்துவேல் சட்டையைக் கழற்றிவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தான்.

"வேண்டாம் மாமா. எங்கிட்டதான் வைரஸ் இல்லையே. உங்களுக்கு இது அவசரமில்ல. ஊர் உங்களையும் ஒதுக்கிடும்."

"ஊரு கெடக்குது. குத்து."

அவனும் காய்ச்சலில் கிடந்தான், எழுந்தான். தழும்பு ஆறியதும் இருவரும் தெருமுனை டீக்கடைக்குப் போனார்கள். கடைக்காரன் முத்துவேலின் பழைய சிநேகிதன். கவிழ்த்துவைத்திருந்த கண்ணாடி டம்ளர்களை விட்டுவிட்டு, கூரையில் செருகியிருந்த இரண்டு தகரக் குவளைகளை எடுத்து, உயரத் தூக்கி டீயை ஊற்றி, பெஞ்சின் கோடியில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

முத்துவேல் ஒரு குவளையை எடுத்துச் செவ்வந்தியிடம் கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்ததும் அதை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் உதடு பட்ட இடத்திலேயே வாய் வைத்து, கடை முழுக்கப் பார்த்திருக்க, நிதானமாகக் குடித்து முடித்தான்.