கல் யானையும் ஒரு நூல் முடிச்சும்

"ஐயோ... பொணம்! பொணம்!"

சிலைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க முதல் டிக்கெட் வாங்கி உள்ளே போன ஆசாமி போட்ட கூச்சல், மலையடிவாரத்து டீக்கடை வரை கேட்டது.

கல் யானையின் காலடியில் குப்புறக் கிடந்தான் வாட்ச்மேன் துளசிங்கம்.

மண்டை பிளந்திருந்தது. கைகள் பின்னால் நூலால் கட்டப்பட்டிருந்தன. பக்கத்திலேயே ரத்தம் தோய்ந்த சுத்தியல்!

பூங்காச் சிற்பி ஆதிகேசவனின் சுத்தியல்.

அது 1978. திருத்தணிக்குப் பக்கத்து மலையில் ஜமீன்தார் ஆண்டு அனுபவித்த பங்களா, பொதுமக்கள் பூங்காவாகி இரண்டே வருஷம். ராணி உலாத்திய இடத்தில் எட்டணா கொடுத்தால் எவனும் உலாத்தலாம். சாகவும் செய்யலாம் போலிருக்கிறது!

பத்து மணிக்கு மூச்சிரைக்க மலையேறி வந்தாள் சுலோச்சனா. ஆதிகேசவனின் மனைவி. அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிறவள். கூடவே தம்பி வேணு; அவனும் தறிக்காரன்தான். பஸ்ஸில் அவள் பையின் காது அறுந்துபோக, அவன்தான் இடுப்பில் செருகியிருந்த தறி நூலை உருவிக் கண்ணிமைக்கிற நேரத்தில் கட்டிக் கொடுத்திருந்தான்.

ஜீப்பில் விலங்கோடு புருஷன்!

ஓடிப்போய் இன்ஸ்பெக்டர் முன்னால் கைகூப்பினாள்.

"சார்... அவரு ஈ எறும்புக்குக்கூட கெடுதல் நெனைக்காதவரு சார்!"

"தோ பாரும்மா..." இன்ஸ்பெக்டர் நாகராஜன் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "நேத்து சாயங்காலம் ரெண்டு பேருக்கும் சண்டை. பத்து பேரு பார்த்துகினு நின்னாங்க. சுத்தியும் உன் புருஷனுது. தூக்குதான்!"

"அக்கா, வா போலாம்." வேணு அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். "வக்கீல பார்க்கலாம். இங்க நின்னுகினு இன்னா ஆவப் போவுது?"

அவள் நகரவில்லை. பிணத்தின் மணிக்கட்டையே வெறித்தாள்.

"சார்! அது தறிக்காரங்க முடிச்சு சார்!"

"என்னம்மா உளர்றே?"

"இழை அறுந்தா போடறது சார். பெருசா போட்டா தறியில சிக்கும். பொடிசா போட்டு நுனிய பல்லால கடிச்சித் துப்புவோம். இவரு கல்லு செதுக்கறவரு... வேட்டி அவுந்தாக்கூட நாந்தான் கட்டி வுடணும்!"

கான்ஸ்டபிள் சிரித்தார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

"தோ, இந்தப் பைய பாருங்க சார். இதே முடிச்சுதான். செத்தாலும் அவுறாது!"

நாகராஜன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பையைப் பார்த்தார். பிணத்தின் கையைப் பார்த்தார். மறுபடி பை...

"ஏம்மா... ரெண்டுமே எடது பக்கம் சுத்தின முடிச்சு. பையக் கட்டுனது யாரு?"

சுலோச்சனா குனிந்து பார்த்தாள்.

அவள் குடும்பத்தில் இடக்கைக்காரன் ஒரே ஒருத்தன். தாய் செத்த பிறகு அவள் ஊட்டி வளர்த்தவன்!

சொன்னால் தம்பி. சொல்லாவிட்டால் புருஷன். கடவுளே, இதென்ன சோதனை!

"நா... நாந்தான் சார் கட்டுனேன்!"

"அப்படியா? எங்கே, கட்டிக் காட்டு."

நூலை வாங்கினாள். இடப்பக்கம் சுற்றத்தான் பார்த்தாள். இருபது வருஷத்துப் பழக்கம் விடுமா? முடிச்சு வலப்பக்கமே விழுந்தது.

மறுபடி கட்டினாள். மறுபடி வலது!

கண்ணீர் நூலில் சொட்டியது.

"வுடுக்கா..." வேணு கல் யானையின் மேல் சாய்ந்தான். "ராத்திரி, பங்களாவுல கீற வெண்கல விளக்கத் தூக்கினு போவ வந்தேன் சார். துளசிங்கம் பார்த்துட்டான். கட்டிப் போட்டுட்டு ஓடிடலாம்னுதான் நெனச்சேன். கத்துனான்... சுத்தி கைக்கு ஆப்டுச்சு."

"அடப்பாவி! அது உன் பாவாவோடது, என் புருஷனோடதுன்னு தெரியாதாடா?"

"தெரியும்க்கா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆதிகேசவனின் விலங்கு வேணுவின் கைக்கு மாறியது. பூட்டு விழாமல் கான்ஸ்டபிள் திணறினார்.

வேணு அக்காளைப் பார்த்துச் சிரித்தான்.

"துரு புடிச்ச வெலங்கு எதுக்கு சார்? எங்கக்காவ கட்டச் சொல்லுங்க... செத்தாலும் அவுறாதாம்!"