ரெண்டு கேபிளும் என் கையில்

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

பன்னிரண்டு... பதின்மூன்று... பதினான்கு...

யாரும் எடுக்கவில்லை.

கீழ்மாடி நெட்வொர்க் ரூமில் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு நின்றார் மகேஸ்வரன். வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருடமாகக் கேபிள் இழுக்கிற கை. ஸ்கிரீனை நம்பமாட்டார். லேபிளை நம்பமாட்டார். டை கட்டியவனைச் சுத்தமாக நம்பமாட்டார்.

அவர் கூப்பிட்டது மேல்மாடி ஹாலை. எடுக்க வேண்டியவன் என்ஜினியர் ரூபேந்திரன். முதல் மணி முடியுமுன் பாய்ந்து எடுக்கிறவன்.

வெள்ளிக்கிழமை. மணி 1.26. ஜும்ஆ தொழுகை நேரம். ஜொகூர் பாருவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை அழித்துக் கட்டிய அந்த டேட்டா சென்டரில் ஈ காக்கை இல்லை.

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். மேலே இருக்கிற புதுப் பெட்டிக்குப் பின்னால் பச்சை விளக்கு வந்ததா, இல்லையா?

அந்தப் பெட்டிக்குள் பலகை பலகையாகப் பதினாறு கம்ப்யூட்டர். பிளேடு என்பார்கள். உள்ளுக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள யார் தயவும் வேண்டாம். வெளியுலகத்தோடு பேசத்தான் கேபிள் வேண்டும். அது இரண்டே இரண்டு. பதினாறு குடித்தனம் இருக்கிற லயத்துக்கு ரெண்டு வாசல் மாதிரி. அந்த ரெண்டின் மறுமுனையும் இந்த ரூமுக்குத்தான் வருகிறது.

போன் அடித்து ஓய்ந்தது.

அரைமணி நேரத்துக்கு முன்னால் அவனே கூப்பிட்டிருந்தான்.

“அங்கள், ஒங்க லிஸ்ட்ல இந்தப் பெட்டிக்கு எத்தனை கேபிள்?”

“ரெண்டு.”

“இங்க மூணு சொருகியிருக்கு.”

“எவன் போட்டான்?”

“காலையிலயே கேட்டுட்டேன். பதில் வரும்னாங்க. நீங்க ஒங்க ரெண்டைப் பாருங்க லா.”

மகேஸ்வரன் படியேறினார். கார்டைத் தேய்த்தார். கதவு திறந்தது. மணி 1.31.

முன்பக்கம் ஐஸ் மாதிரிக் குளிர். ஆள் இல்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனார். சூடான காற்று முகத்தில் அறைந்தது.

ரூபேந்திரன் குப்புறக் கிடந்தான்.

பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், தரைப்பலகையைத் தூக்குகிற இரும்புப் பிடி. ஒரு பலகை சரியாக உட்காராமல் கோணிக்கொண்டு நின்றது.

மகேஸ்வரன் கழுத்தில் விரலை வைத்தார். எடுத்தார்.

“அலமாக்...” என்றார் மெதுவாக.

இன்ஸ்பெக்டர் ஹாரூன் பள்ளிவாசலிலிருந்து நேரே வந்தார். சொங்கோக் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்தார். கதவின் பதிவை ஒரு தடவைதான் பார்த்தார்.

“மூணு பேர்தான் உள்ள போயிருக்காங்க. செத்தவர், காலைல 11.40. நீங்க, 1.31. நடுவுல 12.58க்கு ஒரு கார்டு. யாரு ஷாமளா?”

“நான்தான் துவான்.”

ஷாமளா சூப்பர்வைசர். முப்பத்துநாலு வயது. உதடு நடுங்கினாலும் குரல் நடுங்கவில்லை.

“நான் கார்ல உக்காந்து சாப்பிட்டேன். கார்டு என் மேசையில கெடந்துச்சு.”

“பார்த்தது யாரு?”

“யாரும் இல்ல.”

“காலைல இவரோட சண்டையாமே?”

“வேலை விஷயம். கத்துனேன். கொல்லல.”

“கேமரா?”

“செவுத்துல ஓட்டை போட்டாச்சு. கேமரா இன்னும் வரல.”

“கட்டடத்துக்குப் பின்வாசல்?”

“கட்டட வேலை நடக்குது. தொறந்தேதான் கெடக்கும்.”

ஹாரூன் திரும்பினார். “அண்ணே, மூணாவது கேபிள்னு சொன்னீங்களே. பார்த்தேன். ரெண்டுதான் இருக்கு. மூணாவது ஓட்டை காலி.”

“அந்தத் தம்பி சொன்னதைச் சொன்னேன். நான் கண்ணால பாக்கல.”

“அப்ப அது கணக்குல வராது.”

ஷாமளா விஷயத்தில் மகேஸ்வரனுக்கு ஈரம் கிடையாது. போன மாதம் மேலிடத்துக்கு எழுதிப் போட்டவள் அவள். ‘மகேஸ்வரன் விதிப்படி வேலை செய்வதில்லை. இன்னொரு தவறு நடந்தால் நீக்கவும்.’ அவருக்கு இங்கிலீஷ் ஓடாது. கேன்டீன்காரன் படித்துக் காட்டினான். சத்தமாகப் படித்துக் காட்டினான்.

மூன்று மணிக்கு மேனேஜர் மணியம் வந்து சேர்ந்தார். கலையாத தலை. கையில் லேப்டாப்.

“பொந்தியான் வீட்லேர்ந்து பறந்து வரேன், துவான். பாவம், நல்ல பையன்.”

“எல்லாரையும் கேக்கறதுதான். ஒரு மணி வாக்குல நீங்க எங்க?”

“வீட்ல. வேலை செஞ்சுக்கிட்டு.” லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். “இதே பெட்டிதான். ஏழாவது பிளேடு. 1.12லேர்ந்து 1.20 வரைக்கும். என் பேரு, நேரம், நான் தட்டுன ஒவ்வொரு வரியும் இருக்கு.”

“வீட்லேர்ந்தே செய்யலாமா?”

“நெட்வொர்க் எதுக்கு இருக்கு?” மணியம் லேசாகச் சிரித்தார்.

ஹாரூன் தலையாட்டினார்.

மகேஸ்வரன் தலையாட்டவில்லை.

1.12...



அந்த ரெண்டு கேபிளும் ரெண்டு வேறு ஸ்விட்சுக்குப் போக வேண்டும். ஒன்று செத்தால் இன்னொன்று பிழைக்கும். இன்றைக்கு அவர் ரெண்டையும் ஒரே ஸ்விட்சில் சொருகித் தொலைத்துவிட்டார். ஒன்றைக் கழற்று, மாற்று, விளக்கைப் பார், அப்புறம் மற்றதைத் தொடு... அதுதான் விதி. ஆனால் கேபிள் பின்னிக்கொண்டு கிடந்தது. கோபம். ரெண்டையும் சேர்த்துப் பிடுங்கினார்.

மணி 1.04.

சிக்கலெடுத்து, சரியாகச் சொருகியபோது 1.26.

இருபத்திரண்டு நிமிடம் அந்தப் பெட்டிக்கு வெளியுலகமே இல்லை. வேலை நேரம் என்று அபாய மணியை முன்கூட்டியே அணைத்து வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் வருவது திங்கட்கிழமை. யாருக்கும் தெரியாது.

ரூபேந்திரன் உயிரோடு இருந்திருந்தால், ரெண்டு விளக்கும் அணைந்த மறுநிமிடம் போன் பண்ணிக் காது கிழியத் திட்டியிருப்பான். திட்டவில்லை. தப்பித்தோம் என்று நினைத்திருந்தார்.

சொன்னால் இந்தக் கட்டடம் மட்டுமல்ல, ஜொகூரில் ஒரு ஹாலிலும் கால் வைக்க முடியாது. அறுபத்தொரு வயதில் வேறு எவன் கூப்பிடுவான்?

சொல்லாவிட்டால்...

ஷாமளாவின் கையில் விலங்கு விழுந்தது. வாசலில் அவரைத் தாண்டும்போது நின்றாள்.

“இப்ப சந்தோஷமா அங்கள்?”

அவள் ரெண்டு எட்டு வைத்தாள். மூன்று...

“துவான். கொஞ்சம் நில்லுங்க.”

ஹாரூன் திரும்பினார்.

“1.04லேர்ந்து 1.26 வரைக்கும் ரெண்டு கேபிளும் என் கையில இருந்துச்சு.”

“புரியல.”

“கழட்டிட்டேன். ரெண்டையும். தப்பு. எழுதிக்குங்க.”

ஷாமளாவின் வாய் திறந்துகொண்டது.

“அந்தப் பெட்டிக்கு வெளியிலேர்ந்து வழியே இல்ல, துவான். ஒரு எறும்பு போக முடியாது. இவரு பொந்தியான்லேர்ந்து 1.12க்கு எப்படி உள்ள போனாரு?”



மணியம் சிரித்தார். கண் சிரிக்கவில்லை.

“துவான், இவரு நாலாங்கிளாஸ். இவருக்கு என்ன தெரியும்?”

“தெரியாது போஸ். அதான் கேக்கறேன். ரெண்டு வாசலையும் இழுத்துச் சாத்திட்டேன். நீங்க எந்த வழியா வந்தீங்க?”

“ஒனக்கு நான் விளக்கணுமா?”

“எனக்கு வேணாம். துவானுக்குச் சொல்லுங்க.”

ஹாரூன் புருவத்தை உயர்த்தினார். “சொல்லுங்க மிஸ்டர் மணியம்.”

மணியம் டையைத் தளர்த்தினார். “ரெண்டு போனா என்ன? மூணாவது லைன் ஒண்ணு இருக்கு. அது வழியா வந்தேன். போதுமா?”

சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே அது விழுந்தது.



ஹாரூன் அவசரப்படவில்லை. “லிஸ்ட்ல ரெண்டுதான். பெட்டியில ரெண்டுதான். மூணு இருக்குன்னு சொன்ன ஒரே ஆளு செத்துக் கெடக்கான். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இல்ல... நான் பொதுவா...”

“பொதுவா என்ன?” என்றார் மகேஸ்வரன். “மூணாவது லைன் இருந்துச்சுன்னா, திருட்டு லைன் ஒங்களுது. இல்லன்னா, 1.12க்குப் பெட்டிக்கு முன்னால நின்னு கையால தட்டுனது நீங்க. நாலாங்கிளாஸ் கணக்கு போஸ். எப்படிக் கூட்டுனாலும் ஒரே விடைதான்.”

மணியம் கதவைப் பார்த்தார். அங்கே ஒரு கான்ஸ்டபிள் ஏற்கெனவே நின்றிருந்தான்.

“துவான்,” மகேஸ்வரன் கையைக் காட்டினார், “அந்தக் கோணிக்கிட்டு நிக்கிற பலகையத் தூக்கிப் பாருங்க.”

தூக்கினார்கள். தரைக்கடியில், அவசரத்தில் சுருட்டித் திணித்த ஒரு கேபிள். அதன் மறுமுனை, வேறொரு பெயரில் வாடகைக்கு எடுத்த பக்கத்து அறைக்குப் போனது. வாடிக்கையாளரின் ரகசியமெல்லாம் திங்கட்கிழமையிலிருந்து அந்த வழியாக வெளியே நடக்கக் காத்திருந்தது. பலகையைத் தூக்கி அந்தக் கேபிளைத் தொடர்ந்தவன்தான் ரூபேந்திரன். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் 12.58க்கு வந்தது... ஷாமளாவின் கார்டோடு.

மெஷினின் பதிவும் ஒப்புக்கொண்டது. மூன்றாவது ஓட்டை அணைந்தது 1.01. மற்ற ரெண்டும் அணைந்தது 1.04. ஏழாவது பிளேடில் தட்டியது நெட்வொர்க் வழியாக அல்ல. பெட்டியின் முன்பக்கத்தில் நேரே மாட்டிய கீபோர்டிலிருந்து.

ரெண்டு வாசலும் எப்போதும் திறந்திருக்கும் என்று மணியம் நம்பியிருந்தார். விதி அப்படி.

சாயங்காலம் ஐந்தே முக்கால். மணியத்தை ஏற்றிய வண்டி கேட்டைத் தாண்டியது. ஷாமளா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு ரிப்போர்ட் ஃபாரம்.

“அங்கள்.”

“ம்.”

“ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டுனீங்களா?”

“ஆமா.”

“அந்தத் துவான் முன்னாடி சொல்லிட்டீங்க. நான் ரிப்போர்ட் எழுதாம இருக்க முடியாது. தெரியும் இல்ல?”

“தெரியும். எழுது.”

“போன மாசமே எழுதுனேன். விதிப்படி வேலை செய்யறதில்லன்னு.”

மகேஸ்வரன் அவள் நீட்டிய ஃபாரத்தில் கையெழுத்தைக் கிறுக்கினார். கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினார்.

“விதிப்படி வேலை செஞ்சிருந்தா, நீ இந்த ரிப்போர்ட்ட லோக்காப்புலதாம்மா உக்காந்து எழுதியிருப்ப.”