இந்திராணிக்கு இடம்

இந்திராணி நிமிர்ந்து பார்த்துச் சிரிப்பதோடு அந்த வீடியோ எப்போதும் முடிந்துபோகும். அன்றைக்கு அவள் சிரித்து முடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

வேதாச்சலம் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு லேப்டாப் பக்கம் குனிந்தார். கஞ்சி வாடையும் மிஷின் ஆயில் வாடையும் ஒன்றாய் அடிக்கிற அந்தத் தறிக்கூடத்தில், இரண்டு விசைத்தறிகளும் தடதடவென்று சுவரையே உலுக்கிக்கொண்டிருக்க, பஞ்சுத் தூசி படிந்த திரைக்குள் அவருடைய பெண்சாதி, மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருஷமான பெண்சாதி, மணையில் உட்கார்ந்து ராட்டையில் தார்க்குச்சிக்கு நூல் சுற்றிக்கொண்டே இருந்தாள். லேப்டாப் வாங்கிய புதிதில் கேமரா ஓடுகிறதா என்று பார்க்க மகள் தேன்மொழி எடுத்தது அது. சுவரில் மாலை போட்ட போட்டோ இருக்கிறது, சரி. ஆனால் இந்திராணி கை கால் அசைத்து இருக்கிற படம் உலகத்திலேயே இது ஒன்றுதான். தினமும் மத்தியானம் தறியை ஓடவிட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற மனுஷனுக்கு, அது எங்கே முடியும் என்று தெரியாதா?

அதற்கு முந்தின வாரம்தான் லேப்டாப் மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற தேன்மொழி, போனிலேயே வைத்தியம் சொன்னாள்.

"டிஸ்க் ஃபுல்லா கீது நைனா. செவப்பா ஒரு கோடு காட்டுது பாரு, அதான். அப்டியே உட்டா ஒரு நாளு ஆன் ஆவவே ஆவாது. அம்மா வீடியோவும் பூடும்."

"ஐயய்யோ! இன்னாடி பண்றது?"

"வேணாததெல்லாம் அழிச்சிக்கினே வா. வர்ற சனிக்கெயம வந்து அம்மா வீடியோவ நான் காப்பி பண்ணிக்கிறேன். அது வரிக்கும் கொஞ்சம் எடம் இருந்தா போதும்."

எப்படி அழிப்பது என்றும் சொல்லிக்கொடுத்தாள். வேதாச்சலம் முதலில் சினிமாப் படங்களை அழித்தார். அப்புறம் புடவை டிசைன்களை. அதற்கும் அப்புறம் திருமலைக்குப் போனபோது அவர் கையால் எடுத்த போட்டோக்களை. இந்திராணியின் வருஷம் கழிந்ததும் அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறி மொட்டை போட்டுக்கொண்டு வந்தார். கூடவே வந்தவன் முனிசாமி, இந்திராணி போன பிறகு இன்னொரு தறிக்குக் கூலிக்குச் சேர்ந்தவன். அவனும் மொட்டைத் தலையோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற படங்கள் ஒரு கட்டு இருந்தன. அவனுக்கெதற்கு இத்தனை போட்டோ என்று சிரித்துக்கொண்டே மொத்தத்தையும் தட்டிவிட்டார். சிவப்புக் கோடு நன்றாகக் குறைந்தது.

மறுநாள் பார்த்தால் கோடு மறுபடியும் நுனி வரை சிவந்து கிடந்தது. அன்றைக்குத்தான் வீடியோ நீண்டிருந்தது.

பயப்பட வேண்டிய இடத்தில் அந்தப் பாவி மனுஷன் சந்தோஷப்பட்டார். இந்திராணி ராட்டையை நிறுத்திவிட்டு, நேராக இவரைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். தறி வீட்டில் காதுக்கு வேலையில்லை. புருஷன் பெண்சாதி சண்டை கூட உதட்டைப் பார்த்தேதான் நடக்கும். லேப்டாப்பில் சத்தம் என்று ஒன்று வருகிறதா என்றே அவர் கவனித்ததில்லை. அவள் உதட்டை இருபத்தைந்து வருஷமாகப் படித்தவருக்கு இது ஒரு கஷ்டமா?

"எடம் பத்தல, தேனு நைனா."

மகள் பெயரை வைத்து, தேனுவுக்கு அப்பா என்று அப்படித்தான் கூப்பிடுவாள். வேதாச்சலம் திரையைத் தோளில் கிடந்த துண்டால் துடைத்தார். "தர்றேன்டி," என்றார். "எவ்ளோ ஓணுமோ தர்றேன்."

அன்றைக்கு முனிசாமி வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவன் பெண்சாதி மனோரமா தறி இரைச்சலில் வாசலிலேயே நின்று கையை ஆட்டினாள். அவர் வெளியே வந்தார்.

"அண்ணா, திருப்பூருக்கு எதனா போறேன்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்லியேம்மா. இன்னாத்துக்கு?"

"ஊட்ல தூங்கிக்கினு இருந்தவரு. காலீல எய்ந்து பாத்தா பாயி மட்டும் கீது. செருப்பு கூட போட்டுக்கினு போவலண்ணா."

"அட, கம்முனு இரும்மா. ரெண்டு நாளு போனா போன் வரும்."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. தறிக்கு மவுசு குறைந்த நாளிலிருந்து ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். திருப்பூர், பெங்களூர், குவைத். ஒரு ஆள் காணாமல் போனால் பஸ் ஏறிவிட்டான் என்றுதான் ஆந்திர எல்லையில் கிடக்கிற இந்த நகரியில் நினைப்பார்கள், தேட மாட்டார்கள். ஆனாலும் மனோரமா கையில் அவனுடைய ரப்பர் செருப்பைப் பிடித்துக்கொண்டு போனது அவருக்கு என்னவோ போலிருந்தது. உள்ளே வந்து இரண்டு தறியையும் அவரே பார்த்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் வீடியோ இன்னும் நீண்டது. இந்திராணிக்குப் பின்னால், தூரத்துத் தறியில், ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு நெய்துகொண்டிருந்தான். மொட்டைத் தலை. முன்னே அவன் இருந்தானா? இருந்திருப்பான். இவர் கண் அவள் முகத்தை விட்டு எங்கே நகர்ந்தது?

"இன்னும் கொஞ்சம் எடம் குடு," என்றாள். "நான் வந்துர்றேன்."

வந்துர்றேன். அந்த வார்த்தையைச் சாப்பாட்டோடு மென்றுகொண்டே இருந்தார்.

சனிக்கிழமை வந்தது. காலையிலேயே வெயில் தகரக் கூரையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினோரு மணி சுமாருக்குத் தேன்மொழி பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள். அவர் வாசலுக்குப் போய் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினார்.

"சித்தூர் தாண்டிட்டேன் நைனா. லேப்டாப் ஓடுதா?"

"நின்னு நின்னு வருது. எவ்ளோ அழிச்சாலும் செவப்பாயே கீதுடி."

"ஐயோ, நான் வர்றதுக்குள்ள பூடப் போவுது. எம் பேர்ல ஒரு ஃபோல்டர் கீது பாரு, அதான் பெருசு. ஸ்கூலு, காலேஜு, எல்லாம் எம் போட்டோதான். அழிச்சிரு. எங்கிட்ட காப்பி கீது."

"உன்னுதா? வேணாம்மா."

"அம்மாது பூட்டா வருமா நைனா? அழி. நானு வந்துக்கினேதான கீறேன்."

அழைப்பு முடிந்தது. அவர் லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தார். வீடியோவை அவர் ஓட்டவில்லை, அதுவே ஓடிக்கொண்டிருந்தது. இந்திராணி மணையை விட்டு எழுந்திருந்தாள். திரைக்கு வெகு கிட்டத்தில், மூக்குத்திக் கல் தெரிகிற தூரத்தில், அவள் முகம். தறிகள் இரண்டும் தலைக்குள்ளேயே ஓடுவதுபோல் இடித்தன.

"குடு, தேனு நைனா."

தேன்மொழி என்ற ஃபோல்டரில் அம்பைக் கொண்டுபோய் வைத்தார். அழிக்கட்டுமா என்று திரையில் ஒரு பெட்டி கேட்டது, ஆமாம் என்று அழுத்தினார். பச்சைக் கோடு மெல்ல மெல்ல ஊர்ந்து, கடைசி வரை போய், நின்றது.

அந்த நிமிஷம் கரண்ட் போனது.

தறிகள் ஒரு முக்கலோடு நின்றன. ஃபேன் ஓய்ந்தது. தெருவில் அத்தனை வீட்டுத் தறிகளும் நின்று, வெயிலில் ஊரே செவிடானதுபோல் அடங்கியது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. அதிலிருந்து சத்தம் வந்தது. முதல் தடவையாக அவர் காதில் விழுந்தது.

வீடியோவுக்குள் ஓடுகிற தறியின் சத்தம். அதற்கும் அடியில், ஆழக் கிணற்றிலிருந்து கூப்பிடுவதுபோல், ஒரு பெண் குரல். இந்திராணியின் குரல். கத்திக் கத்திப் பிளந்துபோன குரல்.

"அழிக்காத! தேனு நைனா, அழிக்காத! அது நானு இல்ல!"

திரையில் இருந்தவளின் உதடு மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

"கேக்குதா? அது நானு இல்ல! கொயந்தய குடுத்துறாத!"

பின்னால், தறியில் இருந்த மொட்டைத் தலை மெதுவாகத் திரும்பியது. முனிசாமி. வாய் பிளந்திருந்தது. கண் இவரைத்தான் பார்த்தது. இந்திராணி இருந்தவரைக்கும் இந்த வீட்டு வாசலையே மிதிக்காத முனிசாமி. வெறுங்கால்.

வேதாச்சலம் போனைத் தேடினார். மகள் நம்பரை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தது ஒரு ஆண் குரல், தெலுங்கில்.

"கண்டக்டரண்டி. ஃபோனு சீட்லோனே உந்தி. அம்மாயி லேது."

"லேதா? எக்கட திகிந்தி? எங்க எறங்குச்சி?"

"பஸ்ஸு எக்கடா ஆகலேது கதா! பேகு உந்தி, செப்புலு கூடா இக்கடே உன்னாயி..."

பஸ் எங்கேயும் நிற்கவே இல்லை. பை இருக்கிறது. செருப்பு இருக்கிறது. பெண் இல்லை. கண்டக்டர் இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். போன் மடியில் நழுவி விழுந்தது.

கிணற்றுக் குரல் நின்றுபோயிருந்தது. தறிச் சத்தமும் இல்லை. திரையில் மணை தெரிந்தது. அதில் தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸுக்குப் போட்டுவந்த சுடிதார். வெறுங்கால். அவள் கை தானாக ராட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

இந்திராணியின் உருவத்தை அங்கே காணோம்.

அப்போது அவர் முதுகுக்குப் பின்னால், மூலையில், இரண்டு வருஷமாகக் கோணிப்பை போட்டு மூடி வைத்திருந்த ராட்டை ஒரு சுற்றுச் சுற்றியது.

கிர்ர்ர்.

நின்றது. கோணிப்பை தரையில் சரிந்தது. மணை நகர்ந்தது. கஞ்சி வாடை பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில்.

"தேனு நைனா," என்றது, காதருகே. இந்திராணியின் குரல் இல்லை அது. யாருடைய குரலும் இல்லை.

திரைக்குள் தேன்மொழியின் கை நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். அவள் உதடு அசைந்தது. இருபத்தைந்து வருஷம் உதடு படித்த மனுஷனுக்கு அதைப் படிக்க ஒரு கஷ்டமும் இல்லை.

"திரும்பாத, நைனா."