லைவில் ஏறிய டெஸ்ட் ஃபைல்

பீப்... பீப்...

காரை ஓட்டிக்கொண்டிருந்த திருமுருகனின் சட்டைப் பையில் செல்போன் கத்தியது.

பின்சீட்டில் இருந்த ஜெர்லின் தன் போனின் சிவப்பு பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"உங்க போன்தான் சார். பாருங்களேன்."

"ஓட்டிக்கினு இருக்கேன்ல?"

"நானே சொல்லவா? 'ஆபத்து, காப்பாத்துங்க'ன்னு வந்திருக்கும்."

கார் தடுமாறி, மறுபடி திண்டிவனம் ரோட்டில் நேரானது.

திருமுருகன் விழுப்புரத்தில் கால்டாக்ஸி முதலாளி. அவன் வெப்சைட்டில் கார் புக் செய்யும் பெண்களுக்கு ஓர் ஆபத்து பட்டன் உண்டு. அமுக்கினால் கார் இருக்கும் இடத்தோடு மெசேஜ் பறக்கும்.

யாருக்கு?

அதைச் சொல்வது ஒரு கன்ஃபிக் ஃபைல், அதாவது வெப்சைட்டின் செட்டிங் எழுதி வைத்த ஃபைல். ஊர் பார்க்கும் லைவ் சைட்டின் ஃபைலில் போலீஸ் நம்பர். ஆபீஸுக்குள் சோதித்துப் பார்க்கும் டெஸ்ட் சைட்டின் ஃபைலில் வேறொரு சிம்மின் நம்பர். ஒவ்வொரு சோதனைக்கும் போலீஸ் ஓடி வந்தால் சும்மா விடுவார்களா?

போன வருஷம் ஒருநாள் டெஸ்ட் ஃபைல் லைவில் ஏறியிருந்தது. அன்றைக்குத்தான் அதே ஆபீஸில் வேலை பார்த்த ஜெர்லினின் அக்கா வெனிலா அந்த பட்டனை அமுக்கினாள். போலீஸ் வரவில்லை. பிரம்மதேசம் பக்கம் ஒரு கிணற்றில் பிணமாக மிதந்தாள்.

வெப்சைட் எழுதிய அந்தோணி பிரபுவின் அஜாக்கிரதை என்று பழி போட்டுத் துரத்தினான் திருமுருகன். டெஸ்ட் சிம்மை எப்போதோ உடைத்துப் போட்டாச்சு என்று போலீஸில் சத்தியம் செய்தான். கொன்றவன் எவனோ டிரைவர் என்று ஊர் முடிவு கட்டியது.

பிரபுவின் காலி நாற்காலிக்கு ஜெர்லின் வந்தாள். அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இன்னிக்கு காலையில அதே டெஸ்ட் ஃபைலை நான் லைவ்ல ஏத்தினேன் சார். உடைச்ச சிம்மு உங்க பாக்கெட்ல பாடுது."

திருமுருகன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான்.

"நீ யாரு?"

"வெனிலா தங்கச்சி."

கார் சட்டென்று பனமலைப் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைச் செடிகள்தான். ஆளே இல்லை.

"கூட்டிப் பாத்தா அஞ்சு வர்ற ராசி நம்பரு. அதை எவனாவது உடைப்பானா?" சிரித்தான். "ஃபைலை மாத்துனதே நான்தான். உங்கக்கா அமுக்கிக்கினே இருந்தா. என் பாக்கெட்டு கத்திக்கினே இருந்திச்சு."

ஜெர்லின் முன்சீட்டுப் பக்கம் குனிந்தாள்.

"அவ உங்களை இன்னா பண்ணா?"

"ஆபீஸ்ல எல்லார் எதிர்லயும் என்னை வேணாம்னா. அவ்ளோதான்." வண்டியை நிறுத்தினான். "அதே ஃபைலை ஏத்திட்டு என் கார்லயே குந்திக்கினு வர்றியே, லூசா நீ? இப்ப எவன் வருவான்? போலீஸுக்குப் போனாலும் இன்ஸ்பெக்டர் நம்ம ஆளு."

"தெரியும் சார். அதான் போலீஸ் நம்பரைச் சேக்கல. உங்க நம்பருக்குப் பக்கத்துல கமா போட்டு, நம்ம டிரைவருங்க எல்லார் நம்பரையும் சேத்துட்டேன்."

கைப்பையைத் திறந்தாள். உள்ளே இன்னொரு போன்... இணைப்பில்!

"டிரைவருங்க எல்லாருக்கும் ஸ்பீக்கர்ல கேட்டுது, ஜெர்லின்," என்றது அந்தோணி பிரபுவின் குரல். "சின்னதுரையும் மத்த டிரைவருங்களும் வந்துக்கினே இருக்காங்க."

சின்னதுரை... வெனிலா கொலைக்காக லாக்கப்பில் அடி வாங்கி, கால் ஒடிந்த டிரைவர்!

ஹாரன் சத்தம். முன்னாலும் பின்னாலும் வெள்ளைக் கார்கள். ஒவ்வொரு கதவிலும் திருமுருகனின் பெயர்.

சின்னதுரை நொண்டிக்கொண்டே இறங்கினான். கையில் ஜாக்கி ராடு.

திருமுருகன் அவசரமாகக் கதவுகளைப் பூட்டினான்.

"ஜெர்லின்... அம்மா... ஜல்தி போலீஸைக் கூப்பிடும்மா. எல்லாத்தையும் ஒத்துக்கிறேன்."

அவளுக்கு இரக்கமே வரவில்லை. சிவப்பு பட்டன் தெரிந்த தன் போனை அவனிடம் நீட்டினாள்.

"நீங்களே அமுக்குங்க சார். போலீஸைத் தவிர எல்லாருக்கும் போவும்."