காணாமல் போன வேகம்

திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. பிலிப்பைன்ஸின் இலோய்லோ நகரத்து ஹாரோ பகுதியில், எல்லாரும் மனோங், அதாவது அண்ணன், என்று கூப்பிடும் நெஸ்டோரின் வீடியோ கடையில் ஒரு திருட்டு கண்டுபிடிக்கப்பட்டது. பூட்டு உடையவில்லை, அலமாரி கலையவில்லை. கம்ப்யூட்டர் மட்டும் திணறியது. கல்யாண வீடியோவில் மணப்பெண் விட்டு விட்டு நடந்து வந்தாள்.

நெஸ்டோர் திரையில் மெமரியின் வேகத்தைத் தேடிப் பார்த்தார். 2133 என்றிருந்தது. மெமரி வந்த பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததோ 3600. அவ்வளவுதான், முடிவு கட்டிவிட்டார். பாகம் பாகமாக வாங்கி அந்தக் கம்ப்யூட்டரைக் கோத்தவள், கடையில் எடிட்டிங் பார்க்கும் ஜெர்லின். நல்ல மெமரியைச் சுருட்டிக்கொண்டு மட்டமானதைச் சொருகிவிட்டாள் என்று போலீஸுக்குப் போன் போட்டார். கையோடு ஒரு மன்னிப்புக் கடிதத்தையும் அச்செடுத்து வைத்தார். கையெழுத்துப் போட்டால் வேலை மட்டும் போகும், மறுத்தால் வழக்கு.

ஜெர்லின் பேனாவைத் தொடவில்லை.

"செய்யாத தப்புக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் மனோங். திருடின்னு பேர் வந்தா இந்த ஊர்ல எந்தக் கடையில என்னைச் சேர்ப்பாங்க? வழக்குப் போடுங்க, வந்து நிக்கிறேன்."

மணி பத்தரை. போலீஸ் கார்ப்பரல் எல்வி சுமகாய்சாய் வந்தாள். வீட்டில் தன் கம்ப்யூட்டரைத் தானே கோத்து, அதனோடு பல நாள் மல்லுக்கட்டியவள். உட்கார்ந்ததுமே நெஸ்டோரின் மனைவி டெலியா ஒரு தட்டு பன்சித்தை நீட்டினாள். நேற்று டெலியாவுக்குப் பிறந்தநாள், நூடுல்ஸ் மிச்சமிருந்தது.

எல்வி சாப்பிட்டுக்கொண்டே நெஸ்டோரை விசாரித்தாள்.

"எப்போ வரைக்கும் நல்லா ஓடிச்சு?"

"சனிக்கிழமை வரைக்கும் பறந்துச்சு மேம்."

"கம்ப்யூட்டர் கேஸைத் திறந்தது யார் யார்?"

"இவ ஒருத்திதான்."

"நீங்க?"

"எனக்கு அதுல என்ன தெரியும்? ஸ்குரூ டிரைவரைக்கூடத் தொட்டதில்லை."

எல்வி பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். இரண்டு மெமரி பட்டைகளும் இரண்டாவது, நான்காவது பள்ளங்களில் சரியாக உட்கார்ந்திருந்தன. அந்த மதர்போர்டுக்கு ஒத்துப்போகிற ரகம்தான், பெட்டியில் போட்டிருந்த அதே பெயர்தான். ஸ்டிக்கரை உரித்து ஒட்ட எவ்வளவு நேரமாகும் என்று நெஸ்டோர் இளக்காரமாகக் கேட்டார். வெளியே ஜூன் மழை கொட்டியது. தெருவில் நேற்றிலிருந்து நெட் இல்லை. திரையின் மூலையில் ஜனவரி ஒன்று என்று தேதி ஓடிக்கொண்டிருந்தது.

பிறந்தநாள் எப்படிப் போனது என்று எல்வி டெலியாவிடம் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், டெலியா கொட்டித் தீர்த்தாள். சனிக்கிழமை கடை மூடும்போது, தீப்பிடித்துவிடுமோ என்ற பயத்தில் வழக்கம்போல எல்லா பிளக்கையும் பிடுங்கினாளாம். மறுநாள் மைத்துனர்கள் மைக்கைப் பிடித்து நின்றபோது பாட்டுப் பாடும் வீடியோகே மெஷினின் ரிமோட் செத்துவிட்டதாம். இவர் கடைக்குள் போய்விட்டு வந்தாராம், ரிமோட்டுக்கு உயிர் வந்துவிட்டதாம்.

"எங்க வீட்டு பேட்டரியை எல்லாம் இவர் தலைகீழாப் போட்டுருவார் மேம். அதனாலதான் மேல் பக்கத்துல நெயில் பாலிஷ் வச்சுடுவேன்" என்று தன் சிவப்பு நகங்களைக் காட்டினாள்.

எல்வி தட்டைக் கீழே வைத்தாள்.

கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி ஏற்றி, போர்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போனாள். ஒரே ஒரு வரியை மாற்றினாள். இயந்திரம் எழுந்ததும் வேகம் 3600 என்று வந்தது.

"மெமரி மாறவே இல்லை மனோங். இந்த வேகம் அதுக்குள்ளயே எழுதியிருக்கு. ஆனா போர்டு கேட்டாத்தான் தரும். கேட்கச் சொல்லி ஜெர்லின் முதல் நாளே வச்சிருந்தா. போர்டு அதை மறந்துருச்சு. வேகம் மட்டுமா, தேதியையும் மறந்துருச்சு. நெட் இல்லாததால அது தானா திருந்தவும் இல்லை. எல்லாரும் வேகத்தையே பார்த்தீங்க, தேதியை யாரும் பார்க்கலை."

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டின் நினைவைக் காப்பது காசு அளவு பேட்டரி ஒன்றுதான். எல்வி கம்ப்யூட்டரை அணைத்து, அந்தப் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் மேல் ஒரு சிவப்புப் பொட்டு. வீடியோகே ரிமோட்டைத் திறந்தால், உள்ளே பொட்டே இல்லாத, அதே காசு அளவு புது பேட்டரி.

"திருட்டு நடந்தது நிஜம். திருடினது நீங்க. கேஸைத் திறந்து உயிருள்ளதை எடுத்துக்கிட்டு, ரிமோட்ல செத்ததை இங்க வச்சீங்க. ஸ்குரூ டிரைவரைத் தொட்டதில்லைன்னு என்கிட்ட பொய்யும் சொன்னீங்க. அந்தப் பொய்யை வச்சுத்தான் இவளைக் குற்றவாளி ஆக்கினீங்க."

நெஸ்டோர் பன்சித் தட்டையே பார்த்தபடி முனகினார். இத்தனை பெரிய மெஷினுக்கு அந்தச் சின்னப் பொத்தான் எதற்கு என்று நினைத்தாராம். விருந்தாளிகள் வாசலில் நிற்கும்போது வீடியோகே இல்லாமல் ஒரு பிறந்தநாளா?

வழக்கு வேண்டுமா என்று எல்வி ஜெர்லினைக் கேட்டாள். ஜெர்லின் மன்னிப்புக் கடிதத்தை நெஸ்டோர் பக்கம் தள்ளினாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மனோங். பேரை மட்டும் மாத்தி அடிங்க. கையெழுத்தை நீங்க போடுங்க."

நெஸ்டோர் மனைவியைப் பார்த்தார். டெலியா பேனாவை எடுத்து நீட்டினாள்.

பேர் மாற்றி அச்செடுத்துக் கையெழுத்தான தாளை ஜெர்லின் கடைவாசல் கண்ணாடியில், தெருவில் போகிறவர்கள் படிக்கும் உயரத்தில் ஒட்டினாள். ரிமோட்டிலிருந்த பேட்டரியை எடுத்து போர்டில் பொருத்தினாள். தேதியையும் வேகத்தையும் சரிசெய்துவிட்டுத் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணப்பெண் தடங்கலில்லாமல் நடந்து வந்தாள்.