சாந்தாமணி வாங்க மறுத்த கார்டு

"என்ற பையன் சாமான் உன்ற புள்ளைக்கு ஆகாதாக்கும்..."

பாவாத்தாள் இட்லிக் குண்டாவை வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பி அடுப்பு அணைந்துபோனது. சாந்தாமணி லைட்டரை எடுத்து மறுபடி பற்றவைத்தாள்.

"கேக்கறது காதுல உளுகுதா இல்லியா அம்மணி? எவனோ கடைக்காரனுக்குக் குடுக்கற காசை ஊட்டுப் பையனுக்குக் குடுத்தா ஆகாதா?"

"காசு ஆருக்குப் போகுதுங்கறது இல்லீங்க்கா. அந்தக் கார்டு இப்ப லோகாவுக்கு வேண்டியதில்லீங்க. அவ்வளவுதான்."

"நெனச்சுத்தான் பேசறயா?"

"நெனச்சுத்தானுங்க பேசறேன்."

நஞ்சப்பனும் தம்பிதுரையும் சேர்ந்து போத்தனூரில் கட்டிய வீடு அது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே லேத் பட்டறை. மூத்தவர் மனைவி பாவாத்தாளும் இளையவர் மனைவி சாந்தாமணியும் இருபத்திரண்டு வருஷமாக ஒரே சமையலறையில் நின்றவர்கள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுத்ததில்லை. பாவாத்தாளுக்கு ஒரே மகன் சபரீஷ். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. காங்கேயத்தில் பெண் பார்த்து, ஆவணியில் நிச்சயம் என்று பேசி வைத்திருந்தார்கள். சாந்தாமணிக்கு ஒரே மகள் லோகப்பிரியா. காலேஜில் இரண்டாம் வருஷம்.

லோகப்பிரியா கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவதை வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஐந்து பெண்கள் கொண்ட அவளுடைய அணி மாநிலப் போட்டிக்குத் தேர்வான அன்றுதான் தம்பிதுரையே நிமிர்ந்து பார்த்தார். போட்டிக்கு ஐந்து வாரம் இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் நாலு வருஷப் பழசு. எதிராளிகள் கூட்டமாக வரும் நேரமாகப் பார்த்துத் திரை திக்கித் திக்கி நிற்கும். அது நகர்வதற்குள் லோகாவின் ஆள் செத்துக் கிடப்பான்.

சாந்தாமணி ஒரு நூல் மில்லில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். பதினாறு வருஷமாக மில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வருகிறவள். ஸ்கூட்டருக்கு முன்பணம் கட்டவென்று இரண்டு போனஸைச் சேர்த்து வைத்திருந்தாள். இருபத்தெட்டாயிரம். அதை மகளிடம் காட்டி, "இதுக்குள்ள முடிக்கோணும் கண்ணு. இதுக்கு மேல ஒரு ரூவா கெடையாது" என்றாள்.

சேதி கேட்ட அன்றே சபரீஷ், திரையில் படத்தை வரைந்து காட்டும் தன்னுடைய கிராபிக்ஸ் கார்டை எடுத்துக்கொண்டு வந்தான். இருபத்திரண்டாயிரத்துக்குத் தருகிறேன், வெளியில் இதைவிட அதிகம் என்றான். லோகா துள்ளிக் குதித்தாள். சாந்தாமணி குதிக்கவில்லை.

மில்லில் எந்த மெஷின் நின்றாலும் ஆட்கள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். மோட்டார் போய்விட்டது, புது மோட்டார் கொடுங்கள் என்று வருகிறவனை, "பெல்ட்டப் பாத்தியா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறவள் அவள். பத்துக்கு ஏழு தடவை பெல்ட்டாகத்தான் இருக்கும்.

"வாங்கறதுக்கு முன்னால, எது நிக்குதுன்னு பாக்கோணும்," என்று ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்தாள். விளையாடும்போதே எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று திரை ஓரத்தில் காட்டும்படி லோகா வைத்தாள். கூட்டம் வந்தது, திரை திக்கியது. அந்த நேரத்தில், கணக்கெல்லாம் போடும் பிராசசர் நூற்றுக்கு நூறில் முட்டிக்கொண்டு நின்றது. இருக்கிற கிராபிக்ஸ் கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை.

"பாத்துக்க. கார்டு சும்மா உக்காந்திருக்குது. அதுக்கு வேலை எடுத்துக் குடுக்கறவனுக்குத்தான் மூச்சு வாங்குது. சும்மா இருக்கறவனுக்குப் பக்கத்துல இன்னும் பெரிய ஆளைக் கொண்டாந்து உக்கார வெச்சா வேலை ஓடுமா?"

லோகா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓடாதும்மா..." என்றாள் மெதுவாக.

அந்தக் காரணம் ஒன்றே போதும். ஆனால் சாந்தாமணிக்கு இன்னொரு காரணமும் கிடைத்தது, மறுநாள் சாயங்காலம், மொட்டைமாடியில்.

துணி எடுக்கப் போனவள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சபரீஷ் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். ஆசை ஆசையாக வாங்கிய கார்டை ஒன்றரை வருஷத்தில் ஏன் விற்கிறான் என்று அவளுக்கு முதல் நாளே உறுத்தியிருந்தது.

"ஏஞ்சாமி, சித்திகிட்டச் சொல்லு. எதுக்கு விக்கற?"

அவ்வளவுதான் கேட்டாள். இருபத்தாறு வயசுப் பிள்ளை முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதான்.

கம்பெனியில் நாற்பது பேரை நிறுத்தியிருந்தார்கள். அதில் அவனும் ஒருவன். மூன்று மாதமாகிறது. தினமும் காலையில் அம்மா கட்டிக்கொடுக்கும் டிபனையும் லேப்டாப் பையையும் எடுத்துக்கொண்டு போய் உக்கடம் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறான். சேர்த்து வைத்திருந்ததிலிருந்து இரண்டு மாதம் சம்பளம் என்று வீட்டில் கொடுத்தாயிற்று. இந்த மாதத்துக்குக் கையில் ஒன்றுமில்லை.

"அம்மாகிட்டச் சொல்லிப்போடாதீங்க சித்தி. காங்கேயத்துக்காரங்களுக்குத் தெரிஞ்சா எல்லாம் போயிரும்... அம்மா தாங்க மாட்டாங்க."

சாந்தாமணி அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லமாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. ஆனா ஒண்ணு கேட்டுக்க சாமி. இந்தக் கார்டை நான் வாங்குனா உனக்குக் கெடைக்கறது சம்பளமில்ல. இன்னும் ஒரு மாசத்துக்குப் பொய். அதை என்ற கையால உனக்கு வாங்கித் தரமாட்டேன்."

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டில் கார்டு வேண்டாம் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். பிராசசர் காரணத்தை மட்டும் சொன்னாள். பாவாத்தாளுக்குப் பிராசசராவது மண்ணாவது. தன் மகன் நீட்டிய பொருளைத் தட்டிவிட்டாள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. விடிந்ததும் அடுப்படியில் ஆரம்பித்தது அதுதான்.

அன்றைக்கு மில்லுக்குக் கிளம்பும்போது தம்பிதுரை வாசலில் நிறுத்தினார்.

"ஒரு கார்டு. வாங்கிப்போட்டா முடிஞ்சுது. அண்ணி மூஞ்சியப் பாக்க முடியல சாந்தா. ராத்திரியில இருந்து அண்ணனும் எங்கிட்டப் பேசல."

"ஏனுங்க, நான் எப்பவாவது உங்க அண்ணன் ஊட்டுக்கு ஒண்ணு இல்லைன்னு சொல்லியிருக்கறனா?"

"இல்ல. அதனாலதான் எனக்குப் புரியல."

"சொல்ல முடியாத காரணம் ஒண்ணு இருக்குதுங்க. அது என்ற காரணமில்ல, அதனால உங்ககிட்டயும் சொல்ல முடியாது. நாஞ் செய்யறது சரின்னு மட்டும் எனக்குத் தெரியும்."

 தம்பிதுரை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை பாவாத்தாள் சொல்லிவிட்டாள்: "நாளையிலிருந்து உன்ற உலை தனி. எங்க சாமானே ஆகாதவங்களுக்கு எங்க சோறு எதுக்கு?" இருபத்திரண்டு வருஷம் கழித்து சாந்தாமணி தன் அரிசி டப்பாவையும் இரண்டு குண்டாவையும் எடுத்துக்கொண்டு மாடியறைக்கு ஏறினாள். படியேறும்போது கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கையில்லை. எதிரில் இறங்கி வந்த சபரீஷ் அவள் கையிலிருந்ததைப் பார்த்துச் சுவரோடு ஒட்டி நின்றான். அவள் அவனைக் கடந்து போனாள்.

சனிக்கிழமை மதியம் தாயும் மகளும் உக்கடத்தில் அப்துல் வஹீது கடைக்குப் போனார்கள். சின்னக் கடை. மில்லின் கம்ப்யூட்டர்களைப் பழுது பார்க்கிறவர் என்பதால் சாந்தாமணிக்கு அவரைத் தெரியும். கண்ணாடிப் பக்கம் வைத்து, உள்ளே ஏழு நிறத்தில் விளக்கு எரியும் கம்ப்யூட்டர் கேபினெட் ஒன்றின் முன்னால் லோகா நின்றுவிட்டாள்.

"வெளக்கு சுடுமா கண்ணு, எதிராளிய?"

லோகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுடாதும்மா."

"அப்ப வேண்டாம். அடுத்ததுக்கு வா."

வஹீது பழைய மதர்போர்டின் பெயரைக் கேட்டுக்கொண்டார். அதே போர்டில் உட்காரக்கூடிய, இதைவிட இரண்டு மடங்கு வேலை செய்யும் பிராசசர் ஒன்று, ஒரு வருஷம் ஓடியது, கைவசம் இருந்தது. போர்டில் இருக்கும் மென்பொருளையும் அதற்குப் பொருந்துமாறு தானே மாற்றித் தருவதாகச் சொன்னார். சாந்தாமணி கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, சூடு எவ்வளவு ஏறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஏற்கெனவே ஒற்றையாக இருந்த ரேமுக்கு அதே வகையில் ஒரு ஜோடி. பேர் தெரியாத பழைய பவர் சப்ளையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு.

"கார்டு மாத்தலீங்களா?" என்றார் வஹீது.

"இருக்கறது போதுமுங்க. மிச்சத்துல நல்ல மானிட்டர் ஒண்ணு குடுங்க. கண்ணுக்கு வந்து சேந்தாத்தான் கைக்குப் போகும்."

வஹீது லோகாவைப் பார்த்து, "உங்கம்மா இருக்கும்போது நான் எதுக்குப்பா கடை வெச்சிருக்கேன்?" என்றார். லோகா அம்மாவின் கையைக் கோத்துக்கொண்டாள். நாலு நாளுக்குப் பிறகு சாந்தாமணி அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே கூடத்தில் கம்ப்யூட்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு லோகா உட்கார்ந்திருந்தாள். கூப்பிடாமலே சபரீஷ் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தான். நஞ்சப்பனும் தம்பிதுரையும் ஆளுக்கொரு மூலையில் செய்தித்தாளோடு இருந்தார்கள்.

சமையலறையிலிருந்து வந்த பாவாத்தாள் மகனைப் பார்த்ததும் நின்றாள்.

"உனக்கு வெக்கமே இல்லியாடா? உன்ற கார்டை வேண்டாம்னு மூஞ்சில அடிச்சவங்களுக்கு உக்காந்து சேவகம் பண்றயா? நாஞ் சொல்றேன் கேட்டுக்க... நீ கைநெறையச் சம்பாதிக்கறது இவளுக்குக் கண்ணுல குத்துது. தம்புள்ளை வெளையாடீட்டு இருக்குது, அக்கா பையன் சம்பளம் கொண்டாந்து குடுக்கறான்னு வயித்தெரிச்சல்..."

"அக்கா," என்றாள் சாந்தாமணி.  அந்தச் சொல்லைத் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

சபரீஷ் ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் வைத்தான்.

"அம்மா. எனக்கு வேலை இல்லீங்கம்மா."

நஞ்சப்பன் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"மூணு மாசமாச்சு. தெனமும் நீங்க கட்டிக்குடுக்கற டிபனோட போயி உக்கடம் குளத்தங்கரைல உக்காந்துட்டுத்தான் வர்றேன். இந்த மாசம் உங்க கையில குடுக்கக் காசில்லாமத்தான் கார்டை விக்க வந்தேன். சித்திக்குத் தெரியும். திங்கக்கெழமையே தெரியும். நாந்தான் சொல்லிப்போடாதீங்கன்னு கால்ல உளுகாத கொறையாக் கேட்டேன். அவங்க சொல்லல. நீங்க பேசுனதெல்லாம்... எனக்காகத்தான் கேட்டுட்டு நின்னாங்க."

பாவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். நஞ்சப்பன் எழுந்து வந்து மகனுக்கு எதிரே நின்றார். அடிப்பார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் அவன் தோளில் கை வைத்தார்.

"மூணு மாசம் அந்தக் கரைல தனியாவா உக்காந்திருந்த?" என்றார். 

பாவாத்தாள் நிமிர்ந்து சாந்தாமணியைப் பார்த்தாள்.

"உலைய வேற பண்ணினேனே அம்மணி... அப்பவாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்ற வாயை அடைச்சிருக்கலாமல்ல?"

"அடைச்சிருக்கலாமுங்க. ஆனா அது அவன் வாயில இருந்து வரோணும்னு நெனச்சேன். நான் சொன்னா அவன் மாட்டிக்கிட்டவன் ஆயிருவான். அவனே சொன்னா ஆம்பளையாச் சொன்னவன்."

பாவாத்தாள் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என்ன சொல்லி அழுதாள் என்று யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. சாந்தாமணிக்குக் கேட்டது. நாலு நாளாக அடக்கி வைத்ததெல்லாம் அவளுக்கும் அப்போதுதான் வந்தது. தம்பிதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்தக் காரணந்தானா..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அழுது முடித்ததும் பாவாத்தாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைக் கேட்டாள். காங்கேயத்துக்குத்தான்.

"ஏனுங்க, பாவாத்தா பேசறனுங்க. பையனுக்கு இப்ப வேலை இல்லீங்க. நிறுத்திப்போட்டாங்க. வேற தேடீட்டு இருக்கறான். பொண்ணு மோகனப்பிரியாகிட்டச் சொல்லுங்க. எங்களுக்குச் சம்மதந்தான், ஆனா தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க." 

அதன்பிறகு நடந்தவை எல்லாமே நினைத்தபடி நடந்துவிடவில்லை. லோகாவின் கம்ப்யூட்டர் போட்டி நாளில் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. ஆனாலும் அவள் அணி அரையிறுதியில் தோற்றது. தோற்ற அன்று சாயங்காலமே அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். கார்டை வஹீது கடையில் விற்ற சபரீஷ், வேலை கிடைக்கும் வரை அதே கடையில் உட்கார்ந்து பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டினான். புரட்டாசி கடைசியில் பழைய சம்பளத்தைவிடக் குறைவாக ஒரு கம்பெனியில் சேர்ந்தான். காங்கேயத்திலிருந்து ஒரு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒருநாள் நிச்சயம் பேச அவர்களே கிளம்பி வந்தார்கள்.

காப்பி குடித்துக்கொண்டே பெண்ணின் அம்மா கேட்டாள்: "ஏனுங்க, நீங்க மறைச்சிருந்தா எங்களுக்கு எங்கீங்க தெரியப்போகுது? நீங்களா எதுக்குச் சொன்னீங்க?"

பாவாத்தாள் எழுந்து உள்ளே போனாள். காப்பித் தட்டோடு நின்ற சாந்தாமணியின் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்து, எல்லார் முன்னாலும் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"அதை இவகிட்டக் கேளுங்க. இவ எங்கூடப் பொறக்கல. ஆனா என்ற தங்கச்சி."

சாந்தாமணி தலை குனியவில்லை. வந்தவர்களை நேராகப் பார்த்து, "வாங்க" என்று கை கூப்பினாள்.